படிப்பு இருக்கிறது, களம் இருக்கிறது, ஆசான் எங்கே?
வேலையில் இருப்பவர்கள் பொது சுகாதாரம் கற்பது குறித்து ஓர் ஆய்வு

1888-இல் ரொனால்ட் ராஸ் நீண்ட விடுப்பில் இங்கிலாந்து போனார். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மதராஸ், பர்மா, அந்தமான் என்று மாற்றலாகிக்கொண்டே இருந்த பட்டாளத்து மருத்துவர் அவர். அந்த விடுப்பில் பொது சுகாதாரப் பட்டயம் படித்துத் தேறினார். பாக்டீரியாவியலிலும் ஒரு குறுகிய பயிற்சி பெற்றார். 1894-இல் அடுத்த விடுப்பில் பேட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று மேன்சன் சொன்னதை மனத்தில் வாங்கிக்கொண்டு திரும்பியவர், பணியிடத்திலேயே தேடலைத் தொடங்கினார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார்.

பட்டயம் மட்டும் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. விடுப்பில் கிடைத்த படிப்பு, கடிதம் வழியே தொடர்ந்து வழிநடத்திய ஆசான், கையெட்டும் தூரத்தில் இருந்த களம் ஆகிய மூன்றும் கூடியபோதுதான் அது நடந்தது. வேலையை விடாமல் பொது சுகாதாரத்தின் அடிப்படைகளைக் கற்க இன்று நமக்கு இருக்கும் வழிகளை இந்த மூன்றையும் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். படிப்புக்கு இப்போது பஞ்சமில்லை. களம் பலருக்கு அவரவர் மேசையிலேயே இருக்கிறது. தட்டுப்பாடு ஆசானுக்குத்தான் என்பது இந்த ஆய்வில் திரும்பத் திரும்பத் தெரியவரும் உண்மை.

யாருக்கு இந்தப் படிப்பு?

முதல் வரிசையில் இருப்பவர்கள் துறைக்குள்ளேயே வேலை செய்பவர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாடு முழுமைக்குமான கணக்கு. தன் பகுதியில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதைக் கிராம சுகாதார செவிலியர் ரெஜிஸ்டரைப் பிரிக்காமலே சொல்வார். எந்தத் தெருவின் மேல்நிலைத் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்பது சுகாதார ஆய்வாளருக்குத் தெரியும். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் களப்பணியாளர் 'எஸ்' படிவத்தையும், மருத்துவர் 'பி' படிவத்தையும், ஆய்வகத்தார் 'எல்' படிவத்தையும் நிரப்பினார்கள். இன்று அதே வேலை இணையத்தில் நடக்கிறது. தகவல் கீழே பிறக்கிறது. அதற்குப் பொருள் சொல்லப்படுவது மேலே. எண்ணை அனுப்பியவருக்கு அது வரைபடமாகத் திரும்பி வருவது அபூர்வம். இவர்களுக்குப் பொது சுகாதாரம் கற்பது என்றால், தாம் ஏற்கெனவே செய்துவரும் வேலையின் உள்ளர்த்தத்தைக் கற்பது.

இரண்டாவது வரிசையில் மருத்துவமனை மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்பர்கள், மருந்தாளுநர்கள். எதிரில் இருக்கும் ஒரு நோயாளியைப் பார்ப்பதற்கே பழகியவர்கள் இவர்கள். 2018 மே மாதம் கோழிக்கோட்டில், ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இன்னொருவரும் அதே மாதிரி மூளைக்காய்ச்சலோடு வந்தபோது, சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அதைத் தனித்தனி நோயாளிகளாகப் பார்க்காமல் ஒரு கொத்தாகப் பார்த்தார்கள். மாதிரிகள் மணிப்பாலுக்குப் போயின, புணேயில் உறுதியாயிற்று, நிப்பா என்று தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றபடி ஊரை நினைத்துப் பார்த்த அந்த யோசனைதான் பொது சுகாதாரம்.

மூன்றாவது வரிசை பிற துறையினர்: குடிநீர் வாரியப் பொறியாளர், கால்நடை மருத்துவர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர், பள்ளி ஆசிரியர். குழாய்முனைக்கு வரும் தண்ணீரில் குறைந்தது 0.2 பி.பி.எம். குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அந்த அளவைக் காப்பாற்றும் பொறியாளர் ஒரு வாரத்தில் தடுக்கும் வயிற்றுப்போக்கை, மருத்துவமனை ஒரு மாதத்தில் குணப்படுத்த முடியாமல் போகலாம். ஆனாலும் அவர் தன்னைச் சுகாதாரப் பணியாளராக எண்ணிக்கொள்வதில்லை; நாமும் அவரை அப்படி எண்ணுவதில்லை. நான்காவதாக, கணினித் துறையிலிருந்தும் புள்ளியியலிலிருந்தும் இதழியலிலிருந்தும் இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள். கொரோனாவுக்குப் பிறகு இவர்களின் ஆர்வம் கூடியிருக்கிறது.

நால்வருக்கும் ஒரே பாடத்திட்டம் பொருந்தாது. முதல் வரிசையிடம் களம் உண்டு, கோட்பாடு இல்லை. நான்காம் வரிசையிடம் கணக்கு உண்டு, களம் இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வடிவமைத்த படிப்புகள்தான் பெரும்பாலும் யாருக்கும் பயன்படாமல் போகின்றன.

அடிப்படை என்பது எவ்வளவு?

அமெரிக்காவில் பொது சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, ஐந்து பாடங்களை நெடுங்காலம் அடிப்படையாக வைத்திருந்தது: நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், சமூக நடத்தை அறிவியல். பட்டியல் சரிதான். வேலையில் இருப்பவர் ஐந்தையும் ஒரே சீராகப் படிக்கத் தேவையில்லை. சில சிந்தனைப் பழக்கங்கள் கைவந்துவிட்டால் மீதியைத் தேவைக்கேற்பத் தேடிப் படித்துக்கொள்ளலாம்.

முதல் பழக்கம், எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் பகுதி எது என்று கேட்பது. பள்ளிக்கூடத்தில் பின்னத்தின் மேலே தொகுதி, கீழே பகுதி என்று படித்தோமே, அந்தப் பகுதிதான். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ரெஜிஸ்டரில் 600 ரத்த அழுத்த நோயாளிகள் இருப்பதாகவும், அவர்களில் 300 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ரிவ்யூ மீட்டிங்கில் 50 சதவீதம் என்று சொல்லலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த நிலையத்தின் எல்லையில் சுமார் 20,000 பெரியவர்கள் இருப்பார்கள். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அப்படியானால் நோயுள்ளவர்கள் 6,700 பேர் அளவில் இருக்க வேண்டும். கட்டுக்குள் இருக்கும் 300 பேரை அந்தப் பகுதியால் வகுத்தால் 5 சதவீதம்கூடத் தேறாது. மாநில அளவில் அந்த ஆய்வு கண்ட எண்ணும் 7.3 சதவீதம்தான். வராதவர்களைக் கணக்கில் சேர்த்ததும் கேள்வியே மாறிவிடுகிறது: மாத்திரை சரியா என்ற கேள்வி போய், மற்ற 6,000 பேர் எங்கே என்ற கேள்வி வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெயரிலேயே இந்தக் கேள்விக்கான பதில் இருக்கிறது.

இரண்டாவது பழக்கம், ஒப்பிடாமல் காரணம் சொல்லாதது. ஒரு கல்யாண விருந்தில் 200 பேர் சாப்பிட்டு 52 பேருக்கு வாந்தி பேதி. நோயுற்றவர்களில் 48 பேர் பாயசம் குடித்தவர்கள் என்றதும் பாயசத்தைக் குற்றவாளியாக்கிவிடத் தோன்றும். பாயசம் குடித்தும் நோயுறாதவர்கள் எத்தனை, குடிக்காமலே நோயுற்றவர்கள் எத்தனை என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். குடித்த 120 பேரில் 48 பேர், அதாவது 40 சதவீதம். குடிக்காத 80 பேரில் 4 பேர், அதாவது 5 சதவீதம். எட்டு மடங்கு வித்தியாசம். இப்போது சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. இதே விகிதங்களைச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் போட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. யாருக்கு, எங்கே, எப்போது என்று லைன் லிஸ்ட் எழுதத் தெரிந்த சுகாதார ஆய்வாளர் இந்தக் கணக்கை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வார்.

மூன்றாவது, பரிசோதனை முடிவை ஊரின் நிலையோடு சேர்த்துப் படிப்பது. நூற்றுக்கு ஒருவருக்கே இருக்கும் நோய்க்கு, நோயாளிகளில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனையை 1,000 பேருக்குச் செய்தால் 108 பேருக்கு 'பாசிட்டிவ்' வரும். அவர்களில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். முகாம் நடத்தி எல்லோரையும் பரிசோதிப்போம் என்று கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 99 பேரை வீணாகக் கலங்கடித்துவிடுவோம்.

நான்காவது, சட்டமும் அறமும். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு ஆகியவற்றில் அது அலுவலருக்குத் தரும் அதிகாரம் பெரிது. ஒரு கடையை மூடச் சொல்வதும் ஒரு வீட்டைத் தனிமைப்படுத்துவதும் தனிமனித உரிமையில் கைவைக்கும் செயல்கள். எதுவரை போகலாம், யாரிடம் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது அடிப்படைப் பாடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இருக்கும் வழிகள்

முழுநேரப் பட்டம் பழைய வழி. கல்கத்தாவில் 1932-இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தொடங்கிய அகில இந்திய சுகாதார நிறுவனம் பல தலைமுறை மருத்துவர்களுக்குப் பொது சுகாதாரப் பட்டயம் தந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இருக்கும் அச்சுத மேனன் மையம் 1997-இல் முதுகலைப் பொது சுகாதாரப் படிப்பைத் தொடங்கியது. அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பெயரில் படிப்பு தொடங்கி, மருத்துவர் அல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்தன. இதன் பலம் ஆழம்; பாரம், இரண்டாண்டுச் சம்பளம். அரசு ஊழியர் படிப்பு விடுப்பு வாங்கிவிடலாம். தனியாரில் இருப்பவர் வேலையையே விட வேண்டும்.

இரண்டாவது, பணியில் இருந்தபடியே களப்பயிற்சி. அமெரிக்காவில் 1951-இல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய நோய்ப் புலனாய்வுப் பணி இதற்கு முன்மாதிரி. வகுப்பில் சில வாரம். பிறகு நேரே நோய் பரவும் இடத்துக்கு. 1980-இல் தாய்லாந்து இந்த முறையைத் தன் நாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. பின்னர் பல நாடுகள் தொடர்ந்தன. பயிற்சியாளரின் நேரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு களத்தில், கால் பங்கு வகுப்பில் என்பது இதன் பொதுவான விகிதம். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001-இல் இந்த வகைப் படிப்பைத் தொடங்கியது. மாநில அரசுகளின் சுகாதார அலுவலர்கள் இடையிடையே சென்னைக்கு வந்து வகுப்பில் இருந்துவிட்டுத் தங்கள் மாவட்டத்துக்குத் திரும்பி, அங்கேயே கண்காணிப்பு மதிப்பீடும் நோய்ப்பரவல் விசாரணையும் செய்து, அறிக்கையோடு மறுபடி வர வேண்டும். மாவட்ட அளவிலான பணியாளர்களுக்கு மூன்று மாதங்களில் முடியும் முன்களப் பயிற்சி வடிவமும் இப்போது பல நாடுகளில் இருக்கிறது.

மூன்றாவது, இணைப்புப் படிப்பு. 2018-இல் அறிவித்த நலவாழ்வு மையங்களுக்குச் சமுதாய சுகாதார அலுவலர்களைத் தயார்செய்ய, செவிலியர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை நடத்தியது. படிப்பு முடிந்தால் இன்ன பதவி என்பது தெளிவாக இருந்தது; அதனால் படிப்புக்கு ஒரு பிடிப்பு கிடைத்தது.

நான்காவது, இணையவழிப் படிப்பு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், இம்பீரியல் கல்லூரி போன்ற நிறுவனங்களின் அடிப்படைப் பாடங்களை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். சென்னையின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமே நடத்தும் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைகள் என்ற படிப்பு 'என்.பி.டி.இ.எல்.' தளத்தில் வருகிறது. கேட்பதற்குக் கட்டணமில்லை, தேர்வு எழுத மட்டும் கட்டணம். 2020 மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வெளியிட்ட, நோய்த் தொடர்பாளர்களைத் தேடிக் கண்டறிவது பற்றிய குறும்படிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவசரம் வந்தால் மக்கள் படிக்கத் தயார் என்பதற்கு அது சாட்சி.

ஐந்தாவது, சொந்தப் படிப்பு. இந்தியாவில் மருத்துவ மாணவர்கள் 'பார்க்' என்று சுருக்கமாகச் சொல்லும் கே. பார்க்கின் தடித்த நூல் எல்லோருக்கும் தெரிந்தது. அது தேர்வுக்கான களஞ்சியம். சிந்திக்கப் பழக்குவதற்கு மெல்லிய நூல்களே நல்லவை. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அடிப்படை நோய்ப்பரவலியல் நூலும், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் சுயகற்றல் பாடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவதில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் உண்டு. கணக்கிட 'எபி இன்ஃபோ' மென்பொருளுக்கும் காசு இல்லை.

சான்றுகள் சொல்வது

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் படிப்பை முடித்திருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46 சதவீதம். பணம் கட்டினால் படிப்பு ஓடும் என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். மேலே சொன்ன இரண்டாவது பழக்கம் இங்கே உதவுகிறது: ஏற்கெனவே உறுதியோடு இருந்தவர்கள்தானே பணம் கட்டியிருப்பார்கள்? இரு கூட்டமும் தொடக்கத்திலேயே ஒன்றல்ல. எனவே அந்த எண்ணிலிருந்து கட்டணத்தின் மகிமையை நிறுவ முடியாது. பாடம் தாராளமாகக் கிடைப்பது மட்டும் படிப்பாகிவிடாது என்பதை அது காட்டுகிறது, அதற்குமேல் இல்லை.

வரலாற்றைப் பார்த்தாலும் அதே செய்தி. 1854-இல் லண்டன் பிராட் தெருக் காலராவை ஆராய்ந்த ஜான் ஸ்னோவின் அன்றாடப் பிழைப்பு மயக்க மருந்து கொடுப்பது. முந்தைய ஆண்டுதான் விக்டோரியா அரசியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்திருந்தார். மரணப் பட்டியல்களை அவருக்குத் தந்தவர் பதிவுத் துறையில் இருந்த வில்லியம் ஃபார். ஸ்னோவை முதலில் நம்பாமல், மறுக்கவென்றே வீடு வீடாக விசாரிக்கப் போய்க் கடைசியில் அவர் பக்கம் வந்து சேர்ந்தவர் அந்த வட்டாரப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட். மூவரும் வேறு வேறு வேலையில் இருந்தவர்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் சோதித்தார்.

நம் ஊரில் 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் நம்பிய காலம். பேராசிரியர் சுனிதி சாலமன் அந்தத் தலைப்பையே எடுக்கச் சொன்னார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய் நிர்மலா ரத்த மாதிரிகள் எடுத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது. படிப்பின் ஒரு கடமை நாட்டின் நோய்க் கண்காணிப்பாக மாறியதற்குக் காரணம், சரியான கேள்வியை எடுத்துக் கையில் கொடுத்த ஆசான்.

பணியிடப் பயிற்சிகள் மற்றவற்றிலிருந்து வேறுபடுவதும் இந்த இடத்தில்தான். களப்பயிற்சித் திட்டங்களில் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. பகுதியைத் தவறாக எடுத்திருந்தால் அறிக்கை சிவப்பு மையோடு திரும்பி வரும். இணையப் படிப்பில் தேர்வு வினாவுக்கு மதிப்பெண் உண்டு; உங்கள் சொந்த ரெஜிஸ்டரைப் படித்துப் பார்த்து, இந்த ஊரை ஏன் விட்டாய் என்று கேட்க ஆளில்லை.

தடைகள்

நேரத்தை எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதைவிடக் கடினமானது அலுவலகத்தின் மனநிலை. கீழ்நிலைப் பணியாளர் கேள்வி கேட்டால் அது குறைகூறலாகப் பார்க்கப்படுகிறது. டார்கெட்டை எட்டினாயா என்பதுதான் மாதக் கூட்டத்தின் ஒரே கேள்வி என்றால், பகுதியைச் சரிபார்க்கும் பழக்கம் பணியாளருக்கே எதிராகத் திரும்பும்: 50 சதவீதம் என்று சொல்லிப் பாராட்டு வாங்கியவர், 5 சதவீதம் என்று சொல்லி விளக்கக் கடிதம் எழுதுவாரா?

அடுத்தது பதவி. தமிழ்நாட்டுக்கென்று தனிப் பொது சுகாதார இயக்ககமும், பொது சுகாதாரத் தகுதி பெற்றாக வேண்டிய மருத்துவ அலுவலர் அணியும் இருப்பது மற்ற மாநிலங்கள் பார்த்துப் பேசும் ஏற்பாடு. தேசிய சுகாதாரக் கொள்கை 2017 எல்லா மாநிலங்களுக்கும் இப்படி ஓர் அணி வேண்டும் என்றது. செவிலியம், சமூகவியல், பொருளியல் எனப் பல துறையினரும் அதில் இடம்பெறலாம் என்றது. ஆனால் மருத்துவர் அல்லாத ஒரு சுகாதார ஆய்வாளர் சொந்தச் செலவில் முதுகலைப் பொது சுகாதாரம் படித்தால், அந்தப் பட்டத்துக்கு ஏற்ற ஏணிப்படி அவருக்கு இன்னும் சரியாக அமையவில்லை.

மூன்றாவது மொழி. களத்தின் ரெஜிஸ்டர் தமிழும் ஆங்கிலமும் கலந்தது. பேச்சு முழுக்கத் தமிழ். பாடநூலோ முழு ஆங்கிலம். மேலே போட்ட பாயசக் கணக்கில் ஆங்கிலம் இல்லாவிட்டால் விளங்காதது எதுவும் இல்லை. தமிழில் நல்ல பயிற்சிக் கணக்குப் புத்தகம் ஒன்று வந்தாலே, முதல் வரிசைப் பணியாளர்களில் பாதிப்பேருக்குக் கதவு திறக்கும்.

நான்காவது தரவு. ரெஜிஸ்டர் கையில் இருப்பதாலேயே அதை எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. நோயாளியின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சொந்த மடிக்கணினிக்குக் கொண்டுபோவது தவறு. பெயர் நீக்கிய பட்டியல், மேலலுவலரின் அனுமதி, வெளியிடுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆகியவை படிப்பின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

ஒரு நியாயமான மறுப்பு

பணியிடத்தையே களமாகக் கொள்வதை எதிர்ப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. ரெஜிஸ்டர் தன்னிடம் உள்ளதை மட்டுமே சொல்லும். செய்து பார்க்காததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்தால்தான் குணமாகும் என்று நம்பிய காலத்தில், எந்த மருத்துவமனையின் பதிவேட்டைப் புரட்டினாலும் வீட்டுச் சிகிச்சை பற்றி விடை கிடைத்திருக்காது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை வீட்டுக்கும் சானடோரியத்துக்குமாகக் குலுக்கல் முறையில் பிரித்து, இரு பக்கத்தாருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தே குணமாகலாம் என்றும், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கு மாறியது. அந்தக் கேள்வியைக் கேட்க அன்றாட வேலையிலிருந்து விலகி நிற்க வேண்டியிருந்தது.

இதை ஏற்க வேண்டும். வேலையில் மூழ்கியவருக்கு வேலையின் அனுமானங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. முழுநேரப் படிப்பு அந்த விலகலைத் தருகிறது. ஆராய்ச்சியாளராக விரும்புபவருக்கு அதற்கு மாற்று இல்லை. எல்லோரும் ஆராய்ச்சியாளராக வேண்டியதில்லை என்பது இதற்கான பதிலில் ஒரு பாதி. மற்றொரு பாதி, அந்த விலகலை வெளியிலிருந்து வரும் ஆசானும் தர முடியும் என்பது. மேன்சன் அப்போது இருந்தது லண்டனில். ராஸ் இருந்தது செகந்திராபாத்தில்.

செய்யக்கூடியது

தனி ஆள் ஆறு மாதத்தில் செய்யக்கூடியது இது. முதல் இரண்டு மாதம் மெல்லிய நூல் ஒன்று, எல்லாக் கணக்குகளோடும். மூன்றாம் மாதம் தன் வேலையிலிருந்தே பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி. அனுமதி வாங்கி, அதற்கான பதிவுகளைச் சுத்தம் செய்வது. நான்காம் மாதம் யாருக்கு, எங்கே, எப்போது என்ற மூன்று படங்கள். ஐந்தாம் மாதம் ஓர் ஒப்பீடு. ஆறாம் மாதம் இரண்டு பக்க அறிக்கை. தொடக்கத்திலேயே இதைப் படித்துத் திருத்தித் தர ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வது அவசியம். படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் விளம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், என் வேலையை யார் படித்துப் பார்ப்பார், எத்தனை முறை திருப்பித் தருவார் என்று விசாரிக்க வேண்டும்.

அரசு செய்யக்கூடியதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் சமுதாய மருத்துவத் துறை இருந்தாக வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தத் துறையின் பேராசிரியர்களுக்கு நோய்ப்பரவலியல் தெரியும். அவர்களின் ஆய்வு மாணவர்களுக்குத் தலைப்பும் தரவும் தேவை. பக்கத்திலேயே மாவட்ட சுகாதார அலுவலகத்தில் தரவு குவிந்து கிடக்கிறது. படித்துப் பார்க்க ஆள் தேவை. கல்லூரி ஓர் இயக்ககத்தின் கீழ், கள அலுவலகம் வேறோர் இயக்ககத்தின் கீழ் என்பதால் இருவரும் சந்திப்பது குறைவு. மாதம் ஒரு நாள், ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இரண்டு பணியாளர்கள் தங்கள் கணக்கோடு கல்லூரிக்குப் போகவும், அந்த நாள் பணி நாளாகவே கருதப்படவும், பேராசிரியரின் வேலைப் பட்டியலில் அது எழுதப்படவும் ஓர் அரசாணை போதும். அந்த இரண்டு பக்க அறிக்கைகள் மாவட்ட ரிவ்யூ கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதல் பொருளாக இடம்பெற வேண்டும்; டார்கெட் அட்டவணை அதற்குப் பிறகு வரட்டும். அறிக்கை எழுதியவரிடம் மாவட்ட ஆட்சியரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அடுத்த மாதம் எழுத வருபவர்கள் தாமாகவே வருவார்கள்.

இப்படி ஏற்பாடு அமைந்த மாவட்டத்தில் ஒரு சுகாதார ஆய்வாளர் என்ன பட்டம் வாங்கினார் என்பது இரண்டாம் பட்சமாகிவிடும். அவர் அனுப்பிய எண் என்ன ஆனது, அதனால் எந்தத் தெருவில் எது மாறியது என்று அவரால் பதில் சொல்ல முடிந்தால், அந்தப் படிப்பு தேறியது.